வாரிசுகளின் வெண்கலம்: ட்ரியர் நாட்குறிப்பு

2018 செப்டம்பர் 11, செவ்வாய்: ரயிலுக்குப் பதில் பஸ்

ஜெர்மனியில், கொலோனில் கம்பெனி வேலை முடிந்துவிட்டது, ஊர் திரும்ப இன்னும் சில நாள் இருந்தது. அக்கா மகன் ஆகனில் படிக்கிறான். அவனுக்கும் விடுமுறை. "மாமா, பாரிஸ் போயிட்டு வந்துரலாங்க. ரயில்ல மூணரை மணி நேரம்தான்" என்றான். நான் ட்ரியர் என்றேன். அவனைப் பொறுத்தவரை ட்ரியர் கார்ல் மார்க்ஸ் பிறந்த ஊர், அதோடு சரி. எனக்கு அது கிரிஸ்பஸ் என்ற ரோம இளவரசனின் ஊர்.

கிரிஸ்பஸ் யார் என்று அவன் கேட்கவே இல்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டான். கோப்லென்ஸில் ரயில் மாறினோம். அங்கிருந்து மோசல் ஆற்றை ஒட்டியே பாதை. இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, மலை முழுக்கத் திராட்சைக் கொடி. அந்தச் சரிவில் மனிதன் நிற்பதே கஷ்டம், இவர்கள் அறுவடை செய்கிறார்கள். இந்த வருடம் கோடையில் மழையே இல்லையாம். வெயிலில் பழம் முந்திப் பழுத்து, ஆகஸ்டிலேயே பறிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கோக்கெம் என்ற ஊரில் ரயில் நின்றது. நின்றது நின்றதுதான். கால் மணி நேரம் கழித்து ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள், எல்லோரும் பெருமூச்சு விட்டுப் பையை எடுத்தார்கள். மேலே பாதையில் கோளாறு, இனி பஸ். நம் ஊராக இருந்தால் இந்நேரம் ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் ஒரு கூட்டம் நின்றிருக்கும். இங்கே ஒருத்தர் பீர் பாட்டிலைத் திறந்தார், இன்னொருத்தர் புத்தகத்தை எடுத்தார். எங்கள் பக்கத்தில் நின்ற பாட்டி பையிலிருந்து ஊதா நிறத்தில் நீளநீளமாகப் பிளம்ஸ் எடுத்து எங்களுக்கு ஆளுக்கு நாலு கொடுத்தார். வீட்டு மரத்துப் பழமாம். நல்ல இனிப்பு.

பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. அது விட்லிக்கில் கொண்டுபோய் விட்டது, அங்கே வேறு ரயில். ட்ரியரில் இறங்கும்போது இருட்டிவிட்டது. ஸ்டேஷனுக்கு எதிரே டோனர் கடை, ரொட்டிக்குள் இறைச்சி வைத்துத் தருவார்கள், ஒன்று நாலரை யூரோ. மருமகன் இரண்டு சாப்பிட்டான்.

செப்டம்பர் 12, புதன்: கருப்பு வாசலும் பூஜ்ய யூரோவும்

வெயில் 30 டிகிரியைத் தொட்டது. செப்டம்பரில் இப்படி அடிக்காது என்று விடுதிக்காரம்மா மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். எனக்குக் கரூர் மார்கழி மாதிரிதான் இருந்தது, அதைச் சொல்லி அவர் மனதைப் புண்படுத்தவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் போர்ட்டா நிக்ரா, கருப்பு வாசல். மணற்கல்தான், காலப்போக்கில் கறுத்திருக்கிறது. சுண்ணாம்பு இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கி, இரும்புப் பிடி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த இரும்புக்காகக் கல்லைக் குடைந்ததில் சுவரெல்லாம் ஓட்டை. இது எப்போது கட்டியது என்று ரொம்ப நாள் சண்டை நடந்தது. அங்கே கிடைத்த மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்து, கி.பி. 170இல் வேலை தொடங்கியது என்று இந்த வருடம்தான் அறிவித்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் சிமியோன் என்ற துறவி இதற்குள் அடைந்துகொண்டு வாழ்ந்தார். அவர் இறந்ததும் இதையே தேவாலயம் ஆக்கிவிட்டார்கள். இடிபடாமல் தப்பியது அதனால்தான். பிறகு நெப்போலியன் வந்து தேவாலயத்தை எடுத்துவிட்டு வாசலை மட்டும் விடச் சொன்னான்.

பக்கத்திலேயே சுற்றுலா அலுவலகம். அங்கே மார்க்ஸ் படம் போட்ட பூஜ்யம் யூரோ நோட்டு விற்கிறார்கள். நிஜ நோட்டு போலவே நீர்க்குறியும் எண்ணும் இருக்கிறது, மதிப்பு பூஜ்யம், விலை 3 யூரோ. மார்க்ஸ் பிறந்து 200 ஆண்டு ஆனதற்கு அடித்தது. மருமகன் இரண்டு வாங்கினான். கொஞ்சம் தள்ளி மார்க்ஸ் சிலை, பீடத்தோடு சேர்த்து ஐந்தரை மீட்டர், சீனா கொடுத்தது, மே மாதம்தான் திறந்தார்கள். அதுவும் வெண்கலம்.

சந்தைத் திடலில் ஒரு சிவப்புக் கட்டடத்தின் நெற்றியில் லத்தீனில் எழுதியிருக்கிறது: ரோமுக்கு 1,300 வருடம் முன்பே ட்ரியர் இருந்ததாம். கல் தோன்றி மண் தோன்றா என்று ஆரம்பிப்பது நாம் மட்டும் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் பசிலிக்கா. இதற்காகத்தான் இந்த ஊருக்கே வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்து அரசவை மண்டபம், 310 வாக்கில் கட்டியது. நீளம் 67 மீட்டர், உயரம் 33. உள்ளே ஒரு தூண் இல்லை. தரைக்கு அடியிலும் சுவருக்குள்ளும் சூடான காற்றை ஓட விட்டு மண்டபத்தையே கதகதப்பாக வைத்திருந்தார்கள். இப்போது புராட்டஸ்டண்ட் தேவாலயம். வெறும் செங்கல் சுவர், பெஞ்சு வரிசை, அவ்வளவுதான். 1944 குண்டுவீச்சில் எரிந்ததைத் திரும்பக் கட்டும்போது பழைய அலங்காரம் எதையும் வைக்கவில்லை. அந்த வெறுமைதான் அதன் அழகு என்று எனக்குப் பட்டது. மருமகனுக்கு அது குளுகுளுவென்று இருந்ததில் மகிழ்ச்சி.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்துதான் அவனுக்குக் கிரிஸ்பஸ் கதையை ஆரம்பித்தேன். கான்ஸ்டன்டைனின் மூத்த மகன். அம்மா மினெர்வினா. அப்பா பிறகு ஃபாஸ்டா என்ற அரசகுமாரியைக் கட்டிக்கொண்டார், அவளுக்கு மூன்று மகன்கள். கிரிஸ்பஸுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க லாக்டான்டியஸ் என்ற வயதான கிறிஸ்தவ அறிஞரை இந்த ஊருக்கு வரவழைத்தார்கள். 317 மார்ச் 1ஆம் தேதி அவனுக்குச் சீசர் பட்டம், அதாவது இளவரசுப் பட்டம். பேரரசர் கிழக்கே போய்விட, பையன் ட்ரியரில் இருந்துகொண்டு ரைன் எல்லையைக் காவல் காத்தான்.

"அப்புறம் என்ன ஆச்சுங்க மாமா?"

"அப்பனே கொன்னுட்டான்."

பக்கத்தில் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். தமிழ் தெரிந்திருக்காது, என் குரல்தான் உயர்ந்துவிட்டது.

சாயங்காலம் திடலில் ஒயின் பந்தல். ஒவ்வொரு தோட்டக்காரரும் முறை வைத்துக் கடை போடுகிறார்கள். ரீஸ்லிங் ஒரு கிளாஸ் இரண்டே முக்கால் யூரோ, கண்ணாடிக் கோப்பைக்குத் தனியாக முன்பணம். முன்பின் தெரியாத நாலு பேர் எங்களைத் தங்கள் மேசைக்குக் கூப்பிட்டு இடம் கொடுத்தார்கள். கோப்பையை முட்டும்போது எதிராளி கண்ணைப் பார்க்க வேண்டுமாம். மருமகன் கோப்பையைப் பார்த்துவிட்டான், திரும்ப முட்டச் சொன்னார்கள்.

செப்டம்பர் 13, வியாழன்: தங்கத்துக்குப் பக்கத்தில் சில்லறை

ராத்திரி மழை பெய்து குளிர் இறங்கிவிட்டது. காலை பேக்கரியில் வெண்ணெய் தடவிய ரொட்டியும் காபியும், இரண்டு பேருக்கும் ஆறு யூரோ. நடந்தே மாநில அருங்காட்சியகம் போனோம்.

இங்கே எல்லோரும் பார்க்க வருவது தங்கம். 1993 செப்டம்பரில் ஒரு கட்டட வேலையில் பொக்லைன் தோண்டியபோது வெண்கலப் பாத்திரத்தோடு வந்த புதையல். 2,500க்கும் மேல் தங்கக் காசு, மொத்தம் பதினெட்டரை கிலோ. நீரோ முதல் செப்டிமியஸ் செவெரஸ் வரை. அள்ளிய மண்ணோடு கொஞ்சம் வேறு இடத்துக்கும் போய், அங்கே காசு தேடுகிறவர்கள் கண்ணில் பட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. இருட்டு அறை, நடுவில் கண்ணாடிக்குள் அத்தனையும் நேற்று அடித்தது போலப் பளபளக்கிறது. மருமகன் அங்கேயே நின்றுவிட்டான்.

நான் ஓரத்துக்குப் போனேன்.

"மாமா, தங்கம் இந்தப் பக்கம் இருக்குதுங்க. அங்க போய் என்னத்தைப் பாக்கறீங்க?"

அங்கே இருந்தவை இந்த ஊரிலேயே அடித்த காசுகள். ட்ரியர் நாணயச் சாலை 290களில் தொடங்கியது. 320 வாக்கில் அடித்த வெண்கலக் காசு சுமார் 19 மில்லிமீட்டர் அகலம், 3 கிராம் எடை. வெண்கலத்தில் துளி வெள்ளி கலந்து, மேலேயும் மெல்லிய வெள்ளிப் பூச்சு கொடுத்திருப்பார்கள். கை மாறக் கை மாறப் பூச்சு போய்விடும், கீழே பழுப்பு தெரியும். மண்ணில் கிடந்தால் பச்சைக் களிம்பு. ரொட்டிக்காரன், மீன்காரன், படைவீரன் எல்லோர் கையிலும் புழங்கிய சில்லறை இதுதான். தங்கத்தைப் பார்த்தவர்கள் சில பேர்தான்.

தலைப் பக்கம் கிரிஸ்பஸ். மாலை சூடி, கவசம் போட்டு, தோளில் ஈட்டி, முன்னால் கேடயம். சுற்றிலும் பெயர், பட்டம்: மிக மேன்மை பொருந்திய சீசர். பூப் பக்கம் ஒரு பலிபீடம், அதன்மேல் உலக உருண்டை, மேலே மூன்று நட்சத்திரம். 'பேறு பெற்ற அமைதி' என்று லத்தீனில் எழுத்து. பீடத்திலேயே இன்னொரு வரி, பேரரசர் 20 ஆண்டு ஆள வேண்டும் என்ற வேண்டுதல். அடியில் எந்தப் பட்டறையில் அடித்தது என்ற குறி. முதல் பட்டறைக்குப் பி, இரண்டாவதுக்கு எஸ், கூட ட்ரியருக்கு டி.ஆர்.

மருமகன் வந்து குனிந்து படித்தான். "மாமா! எஸ்.டி.ஆர்!"

"ஆமா. பக்கத்துல இருக்கறது பி.டி.ஆர்."

அவன் சிரித்த சிரிப்பில் காவலர் அம்மா வந்து உதட்டில் விரல் வைத்தார். அதற்கப்புறம் அவன் தங்கத்தின் பக்கமே போகவில்லை. 'சிம்பு காசு' எத்தனை என்று எண்ண ஆரம்பித்துவிட்டான். நான் இருபது வருடமாகச் சொல்லிப் புரிய வைக்க முடியாத ஆர்வத்தை மூன்றே எழுத்து செய்துவிட்டது.

அடுத்ததைக் காட்டினேன். அதே முகம், அதே மூக்கு, அதே கவசம். பெயர் மட்டும் வேறு, இரண்டாம் கான்ஸ்டன்டைன். கிரிஸ்பஸோடு அதே நாளில் சீசர் ஆனவன். அன்று அவன் கைக்குழந்தை. பட்டம் வாங்கிய மூன்றாமவன், கிழக்கை ஆண்ட லிசினியஸின் மகன், அவனுக்கும் இரண்டு வயது நிரம்பவில்லை. பால் குடி மறக்காத பிள்ளைகளுக்குக் காசில் கவசமும் ஈட்டியும். அச்சு வெட்டுகிறவன் இளவரசனை நேரில் பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 'இளவரசன்' என்று ஒரு முகம் வைத்திருந்தான், பெயரை மாற்றி மாற்றி வெட்டினான். எழுத்தைப் படிக்காமல் யார் என்று சொல்லவே முடியாது.

நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் கட்சிப் பேனர் பார்த்திருப்பீர்கள். நடுவில் தலைவர் பெரிதாக, பக்கத்தில் வாரிசு, கீழே வட்டத்துக்குள் ஒன்றியம், நகரம். பேனர் படிக்கத் தெரிந்தவனுக்கு அடுத்தது யார் என்று விளங்கிவிடும். ரோமில் அந்த வேலையைச் சில்லறைக் காசு செய்தது. பிரிட்டன் முதல் எகிப்து வரை எந்தச் சந்தையில் மீதி வாங்கினாலும் உள்ளங்கையில் வாரிசு. 'எனக்குப் பிறகும் ஆள் இருக்கிறது, கலகம் பண்ண நினைக்காதே' என்பதுதான் சேதி.

கிரிஸ்பஸ் அந்தச் சேதிக்குத் தகுந்தவனாகவே வளர்ந்தான் என்பதுதான் வருத்தம். ஃபிராங்கு இனத்தவரை அடக்கினான். 322இல் அவனுக்கும் அவன் மனைவி ஹெலனாவுக்கும் குழந்தை பிறந்தபோது பேரரசர் மகிழ்ச்சியில் கைதிகளுக்கு மன்னிப்பு அறிவித்தார். விஷம் வைத்தவர், கொலை செய்தவர், கள்ள உறவு கொண்டவர் தவிர எல்லோருக்கும். அந்த ஆணை ரோமச் சட்டத் தொகுப்பில் இன்றும் இருக்கிறது. 324இல் லிசினியஸோடு கடைசிப் போர் வந்தபோது அப்பாவின் கப்பற்படைக்குக் கிரிஸ்பஸ்தான் தலைவன். ஹெலஸ்பான்ட் நீரிணையில் தன்னுடையதைவிடப் பெரிய படையை உடைத்தான். இரண்டே வருடம். 326இல் இத்தாலிக்குக் கிழக்கே போலா என்ற ஊரில் வைத்து, அப்பா உத்தரவின்பேரில் அவனைக் கொன்றார்கள். கொஞ்ச நாளில் சித்தி ஃபாஸ்டாவும் செத்தாள். கொதிக்கிற குளியல் அறையில் அடைத்துக் கொன்றதாகப் பழைய ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேரையும் சேர்த்துக் கிசுகிசுவும் எழுதினார்கள். அரண்மனை மர்மம் என்றால் எந்தக் காலத்திலும் அந்த வகைக் கதைதான் முதலில் கிளம்பும், நான் அதை நம்பத் தயாராக இல்லை.

கல்வெட்டுகளில் கிரிஸ்பஸின் பெயரைக் கொத்தி எடுத்தார்கள். பேரரசரின் வாழ்க்கையை எழுதிய பிஷப் யூசிபியஸ் அந்தப் புத்தகத்தில் அப்படி ஒரு மகன் இருந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. முன்பு தன்னுடைய இன்னொரு நூலில் அவனைப் புகழ்ந்தவர்தான். ஆனால் காசை என்ன செய்வது? ஏற்கெனவே புழக்கத்தில் போன சில்லறையை எவன் வீடு வீடாகப் போய்ப் பொறுக்குவான்? அப்பன் அழித்த முகம் மீன்காரியின் சுருக்குப் பையில் பத்திரமாக இருந்தது. தங்கமாக இருந்திருந்தால் வரியாகத் திரும்பி உருக்கும் உலைக்குப் போயிருக்கும்.

கடைசியாக ஃபாஸ்டாவின் காசு. பூப் பக்கம் ஒரு தாய், இரண்டு கையிலும் இரண்டு குழந்தை. எழுத்து: 'நாட்டின் நம்பிக்கை'. 324 முதல் 326 வரை அடித்தார்கள். அதோடு நின்றது.

வெளியே வந்தபோது மணி நாலரை. மதியம் சாப்பிட மறந்திருந்தோம்.

செப்டம்பர் 14, வெள்ளி: ஜவுளிக்காரர் தூண்

காலையில் பேராலயம், அதன் அருங்காட்சியகம். போரில் குண்டு விழுந்த பேராலயத்தின் தரையை 1945க்குப் பிறகு தோண்டியபோது, அடியில் பணக்கார ரோம வீட்டு அறை ஒன்றின் கூரை ஓவியம் தூள் தூளாகக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பொறுமையாகச் சேர்த்து 15 கட்டங்களை மீட்டிருக்கிறார்கள். நீலப் பின்னணியில் நகைப் பெட்டியோடு ஒரு பெண், கண்ணாடி பார்க்கும் ஒரு பெண், சிறகு முளைத்த குட்டிப் பயல்கள். இந்தப் பெண்கள் கான்ஸ்டன்டைனின் அம்மா ஹெலனா, ஃபாஸ்டா, கிரிஸ்பஸின் மனைவி என்று சில ஆய்வாளர்கள் சொன்னார்கள். 326 கொலைகளுக்குப் பிறகு வீட்டை இடித்து மேலே தேவாலயம் கட்டினார்கள் என்பது அவர்கள் கணக்கு. வேறு சிலர் இவை செல்வத்தையும் இன்பத்தையும் குறிக்கும் பொதுவான உருவங்கள் என்கிறார்கள். எனக்கு இரண்டாவது சரியாகப் படுகிறது. ஆனாலும் முதல் கதை தெரிந்த பிறகு அந்தப் பெண்ணின் முகத்தை வேறு மாதிரிப் பார்க்க முடியவில்லை.

அங்கிருந்து லக்சம்பர்க் போகும் ரயிலில் கொஞ்ச தூரத்தில் ஈகல் என்ற சின்ன ஊர். சாலையோரம் வீடுகளுக்கு நடுவில் 23 மீட்டர் உயரச் செம்மணல் கல்தூண். 3ஆம் நூற்றாண்டில் செக்குண்டினி என்ற ஜவுளி வியாபாரக் குடும்பம் செத்துப்போன உறவினர்களுக்காகக் கட்டியது. நாலு பக்கமும் சிற்பம். துணியை விரித்துத் தரம் பார்க்கிறார்கள், பேலைக் கயிறு போட்டு இறுக்குகிறார்கள், வண்டியில் ஏற்றுகிறார்கள், வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கரூர்க்காரன் இதற்குமேல் என்ன கேட்பான்! பேல் கட்டுகிற சிற்பத்தை மட்டும் பத்துப் படம் எடுத்து ஆபீஸ் குழுவுக்கு அனுப்பினேன். "நம்ம பேக்கிங் செக்‌ஷனுங்களா?" என்று பதில் வந்தது.

இந்தத் தூண் பிழைத்த காரணம்தான் வேடிக்கை. மற்ற ரோமக் கல்லறைகளை எல்லாம் பேர்த்து வீடு கட்டிய காலத்தில் இதைத் தொடவில்லை. நடுவில் கை கொடுத்து நிற்கும் உருவங்களைக் கான்ஸ்டன்டைனின் அப்பா அம்மா என்று நினைத்துவிட்டார்கள். அம்மா புனித ஹெலனா ஆயிற்றே, யார் கை வைப்பது? சொந்தப் பேரன் கிரிஸ்பஸைக் காப்பாற்றாத ஹெலனா பெயர், சம்பந்தமே இல்லாத ஜவுளிக்காரனைக் காப்பாற்றிவிட்டது.

திரும்பி வந்து சாப்பிட்டது உருளைக்கிழங்கு அடை. துருவிய கிழங்கை எண்ணெயில் தட்டிப் பொரித்து, தொட்டுக்கொள்ள இனிப்பான ஆப்பிள் கூழ். எட்டு யூரோ. அடை பிரமாதம், ஆப்பிள் கூழ் சரிப்படவில்லை. மருமகன் பையிலிருந்து அக்கா கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாயை எடுத்தான். பக்கத்து மேசைத் தம்பதி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டார்கள். கணவர் ஒரு முழுத் துண்டை அப்படியே வாயில் போட்டுவிட்டார். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர். ஒரு கோப்பை ஆப்பிள் ஒயினை மடக்கென்று குடித்து முடித்து, இன்னொரு துண்டு கேட்டார். எங்களுக்கும் ஆளுக்கு ஒரு ஆப்பிள் ஒயின் வாங்கிக் கொடுத்தார். வெள்ளைப் பீங்கான் குவளையில் வரும், புளிப்பென்றால் அப்படி ஒரு புளிப்பு.

செப்டம்பர் 15, சனி: செத்தவனுக்கு விலை அதிகம்

மார்க்ஸ் பிறந்த வீட்டை அரை மணியில் பார்த்து முடித்தோம். அந்தத் தெருவிலிருந்து பிரிந்த சந்தில் தபால்தலை, பழைய தபால் அட்டை, காசு விற்கும் ஒரு கடை. கண்ணாடி ஜன்னலில் கையால் எழுதிய அட்டை: உள்ளே வரலாம், வாங்க வேண்டியதில்லை.

கடைக்காரருக்கு எழுபது இருக்கும். ரோம வெண்கலம் என்றதும் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் பாட்டுக்கு ரேடியோ கேட்கப் போய்விட்டார். நம்பிக்கையா அலட்சியமா தெரியவில்லை, பிடித்திருந்தது.

இரண்டாம் கான்ஸ்டன்டைன் 15 யூரோ முதல். அவன் தம்பி கான்ஸ்டான்டியஸ் 12. கடைசித் தம்பி கான்ஸ்டன்ஸும் அதே விலை. பூப் பக்கம் இரண்டு படைவீரர்கள், நடுவில் கொடி. 'படையின் புகழ்' என்று எழுத்து. 330களில் இந்தக் குடும்பம் அடித்துத் தள்ளிய காசு இது. முதலில் இரண்டு கொடி இருந்தது, பிறகு காசு சிறுத்து ஒரு கொடி ஆனது. கிரிஸ்பஸ் 40 யூரோ. டெல்மேஷியஸ் 90. அவன் கான்ஸ்டன்டைனின் தம்பி மகன், 335இல் சீசர் ஆகி, 337இல் பெரியப்பா செத்த கையோடு கொல்லப்பட்டவன். இரண்டு வருடக் காசுதான். அவன் தம்பி ஹன்னிபாலியனஸ் காசு தட்டில் இல்லை, கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்துவிட்டார். அது நூற்றுக்கணக்கில் போகும்.

சீக்கிரம் செத்தவன் காசு குறைவாக அடித்திருப்பார்கள், அதனால் விலை அதிகம். சந்தைக்கு வேறு இரக்கம் கிடையாது.

கரூர் அமராவதி மணலில் இப்படிக் காசு கிடைக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. தங்கமும் வெள்ளியும் இந்தியா போனது தெரியும், இந்தப் பொடிச் சில்லறையை எவன் அவ்வளவு தூரம் தூக்கிப் போவான் என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் 4ஆம், 5ஆம் நூற்றாண்டு ரோமச் செப்புக் காசுகள் கரூரிலும் மதுரைப் பக்கத்திலும் நிறையக் கிடைத்திருக்கின்றன, இலங்கையில் இன்னும் அதிகம். அங்கே அதைப் பார்த்து உள்ளூரிலேயே போலியும் அடித்துப் புழங்கியிருக்கிறார்கள். மணல் சலிப்பவர்கள் பொறுக்கியதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். தேய்ந்து, மிளகு கனத்துக்கு வந்திருக்கும். அவர் ஒரு தாளை எடுத்து ஊர் பெயரை எழுதித் தரச் சொன்னார். ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

கிரிஸ்பஸைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தேன். எழுத்து நன்றாக இருந்தது, மூக்கில் மட்டும் தேய்மானம். பேரம் பேசிப் பார்த்தேன். இந்த நாட்டில் அது நடக்காது என்று மருமகன் காதில் சொன்னான், நடக்கவும் இல்லை. 40 யூரோவுக்கு வாங்க மனம் வரவில்லை, ஆசை மட்டும் போகவில்லை. கடைசியில் 12 யூரோ கான்ஸ்டான்டியஸ். கிளம்பும்போது கடைக்காரர் எங்கள் மூன்று பேருக்கும் காபி போட்டார், காசு வாங்கவில்லை.

மருமகன் ஸ்டேஷன் போகும் வழியில் புது ஒயின் வாங்கினான். பாதி நொதித்த திராட்சைச் சாறு, திராட்சை அறுவடைக் காலத்தில் மட்டும் கிடைக்கும், வெங்காய அப்பத்தோடு சாப்பிடுவார்கள். பாட்டில் மூன்றரை யூரோ. உள்ளே இன்னும் நொதிப்பதால் மூடியை இறுக்கமாகப் போட மாட்டார்கள், காற்று வெளியேற வேண்டும். நிமிர்த்தியே வை, படுக்க வைக்காதே என்று விற்ற பெண் கையால் ஆட்டி ஆட்டிக் காட்டினாள். அவன் தலையாட்டிவிட்டு, ரயிலில் ஏறியதும் பையை மேல் தட்டில் படுக்கப் போட்டான்.

கோக்கெம் தாண்டும்போது முன் இருக்கைக்காரர் தலையில் சொட்டியது. அவர் முதலில் ஜன்னலைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார், பிறகு முகர்ந்து பார்த்தார். மருமகன் மன்னிப்புக் கேட்ட வேகத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எதிர் வரிசை அம்மா காகிதக் கைக்குட்டை ஒரு பொட்டலம் முழுக்கக் கொடுத்து, நல்ல ஒயின் வீணாய்ப் போச்சே என்று அதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டார். துணி எல்லாம் புளித்த வாடை. பூஜ்ய யூரோ நோட்டு இரண்டும் ஊறிவிட்டன, நஷ்டம் 6 யூரோ.

துடைத்து முடித்து உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பி.டி.ஆர். இல்லீங்களே மாமா, டி.ஆர்.பி.னு இருக்குது."

"பின்னாடி எழுத்தை மாத்திட்டாங்க."

"சரி, மத்தவங்க எல்லாம் என்ன ஆனாங்க?"

விரல் விட்டுச் சொன்னேன். கிரிஸ்பஸ் 326. லிசினியஸ் மகன், அதே வாக்கில். டெல்மேஷியஸ், ஹன்னிபாலியனஸ், கூடச் சித்தப்பன்மார், 337. இரண்டாம் கான்ஸ்டன்டைன் தம்பி நாட்டின்மேல் படையெடுத்துப் போய் 340இல் அக்விலேயா பக்கத்தில் செத்தான். அந்தத் தம்பி கான்ஸ்டன்ஸை 350இல் சொந்தத் தளபதியின் ஆட்கள் துரத்திக் கொன்றார்கள், பாட்டி ஹெலனா பெயரில் இருந்த ஊரில். சித்தப்பன் மகன் காலஸ், 354, கிரிஸ்பஸ் செத்த அதே போலாவுக்குப் பக்கத்தில்.

"இந்த ஆளு?"

"கான்ஸ்டான்டியஸா? 361இல் காய்ச்சல் வந்து செத்தான். அப்பவும் இன்னொரு சித்தப்பன் மகன்மேல படையெடுத்துப் போற வழியில."

"இவன் மட்டும் எப்படிங்க மாமா தப்பிச்சான்?"

"தப்பிக்கல. அந்தப் பட்டியல்ல பாதிப் பேர இவன்தான் முடிச்சான்னு அந்தச் சித்தப்பன் மகனே எழுதி வெச்சிருக்கான்."

அவன் காசை என் கையில் திருப்பிக் கொடுத்தான். "அப்ப 12 யூரோ ஜாஸ்திங்க" என்றான்.